பாண்டி பீச் ரோட்டில் மாலை நடை

புதுச்சேரியின் கடற்கரைச் சாலைக்கு குபேர் சாலை என்று பெயர். 1963-இல் முதலமைச்சரான எதுவார் குபேரின் நினைவாக வைத்த பெயர் அது. ஊர்க்காரர்களுக்கு என்றும் அது பீச் ரோடுதான். ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள இச்சாலையில் மாலை 6 மணிக்கு இரு முனைகளிலும் தடுப்புகள் வைக்கப்படும். மறுநாள் காலை 7.30 மணி வரை வண்டிகளுக்கு வழியில்லை. இந்த ஒரு விதிதான் இங்குள்ள மாலை நடைக்கு உயிர். கைக்குழந்தையை இறக்கிவிட்டு நடக்கப் பழக்கும் தாயும், கைத்தடி ஊன்றிய முதியவரும் நடுச்சாலையிலேயே அச்சமின்றி நடக்கிறார்கள்.

கடல் கிழக்கே இருப்பதால் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்குகிறது. கட்டடங்களின் நிழல் நாலரை, ஐந்து மணிக்கே சாலையில் விழுந்துவிடும். பகலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடேறுவதால், மேலெழும் வெப்பக் காற்றின் இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வீசுகிறது. பௌர்ணமியன்று இருட்டும் வேளையில் நிலா நேரே கடலிலிருந்து எழும்.

நடைவழியின் நடுவே காந்தி சிலை நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள எட்டுக் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. எதிரே 1836-இல் ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம். முதல் உலகப் போரில் உயிர்விட்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்கான நினைவுச்சின்னம் ஜூலை 14 அன்று விளக்கலங்காரம் பெறும். தென்கோடியில் கவர்னர் துய்ப்ளேக்ஸ் சிலை இருக்கிறது.

நடைவழிக்கும் கடலுக்கும் இடையே பெரும்பகுதியில் கருங்கற்களே குவிந்து கிடக்கின்றன. அலை மோதும்போது கற்களின் இடுக்கில் புகுந்த நீர் சீறி வெளியேறுகிறது. உட்கார்ந்திருப்பவர் முகத்தில் உப்புத் துளி தெறிக்கிறது. ஒரு காலத்தில் இங்கே அகலமான மணற்பரப்பு இருந்தது. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் திசை மாறுகிறது. 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின் தென்புறம் மணல் தேங்கியது, வடபுறக் கரை அரிக்கப்பட்டது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். கல் போட்ட இடம் நின்றது. அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. படகை ஏற்றி வைக்கவும் வலை உலர்த்தவும் மணல் வேண்டிய மீனவர்களுக்கு அது பேரிழப்பு. வடக்கே தமிழகப் பகுதியான தந்திராயன்குப்பம் வரை அந்தப் பாதிப்பு சென்றது.

சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2018-இல் தலைமைச் செயலகம் எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவ எஃகு அமைப்பொன்றை இறக்கியது. அலையின் வேகம் அதில் தணிவதால் பின்புறம் மணல் படிகிறது. சில மாதங்களிலேயே அங்கே கரை திரும்பியது. கற்குவியலை மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இப்போது அங்கே ஈரமணலில் வீடு கட்டுகிறார்கள். அந்த மணல் நிலைக்க, துறைமுக வாயில் மறித்த மணலைத் தொடர்ந்து வடக்கே சேர்க்க வேண்டும். மாலை 6 மணித் தடுப்பு நடப்பவர்களுக்குச் சாலையைத் தந்தது. கரையைக் காப்பது மணலின் வழியைத் திறந்துவைப்பதில்தான் இருக்கிறது.