குறட்டைக்கு முகமூடி: நம் மூக்குக்குப் பொருந்த வேண்டாமா?

கும்பகர்ணன் குறட்டை விட்ட கதையைக் கேட்டால் சிரிக்கிறோம். வீட்டில் அப்பா குறட்டை விட்டாலும் சிரிக்கிறோம். "மனுஷர் அசந்து தூங்குகிறார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக் கொள்கிறோம்.

ஆனால், எல்லாக் குறட்டையும் நல்ல தூக்கம் அல்ல!

சிலருக்குக் குறட்டைச் சத்தம் திடீரென்று நின்றுவிடும். கூடவே மூச்சும் நிற்கும். பத்து விநாடி, இருபது விநாடி, சில சமயம் அதற்கு மேலும். பிறகு ஒரு திணறல். உடம்பு தூக்கிப் போடும். மீண்டும் குறட்டை. இரவு முழுவதும் இதே கதைதான். காலையில் கேட்டால் அவருக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் படுத்திருந்த மனைவிக்குத்தான் தெரியும்.

இந்த நோயை டாக்டர்கள் "ஸ்லீப் ஆப்னியா" என்கிறார்கள். உறக்க மூச்சுத் தடை என்று நாம் சொல்லலாம்.

தொண்டை அடைக்கிறது

தூங்கும்போது தொண்டையில் உள்ள தசைகள் தளர்ந்து விடுகின்றன. நாக்கின் அடிப்பாகம் பின்னால் சாய்கிறது. காற்றுப் போகும் வழி அடைபடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. உடனே மூளை பதறிப்போய் ஆளை எழுப்புகிறது.

ஒரு மணி நேரத்தில் ஐந்து தடவைக்கு மேல் மூச்சு இப்படித் தடைபட்டால் கவனிக்க வேண்டும். 30 தடவைக்கு மேல் போனால் நோய் கடுமையாகிவிட்டது என்று பொருள். ரத்தக் கொதிப்பு, இருதய நோய், பக்கவாதம் ஆகியவற்றுக்கு அது வழி திறந்து விடுகிறது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று டில்லி எய்ம்ஸ் டாக்டர்கள் 2023-ம் ஆண்டில் கணக்கிட்டார்கள்.

இது ஒரு வீட்டுக்குள் முடிந்துவிடும் சமாச்சாரமும் அல்ல.

சென்னைக்கு மேற்கே உள்ள நெமிலிச்சேரியை எடுத்துக் கொள்ளுங்கள். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை செல்லும் வெளிவட்டச் சாலை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. இரவெல்லாம் லாரிகள் ஓடும் சாலை அது. ஸ்டியரிங் பிடித்திருப்பவருக்கு இந்த நோய் இருந்தால் என்ன ஆகும்? இரவுத் தூக்கம் கெட்டவருக்குப் பகலிலேயே கண் சொக்கும். லாரி ஓட்டும்போது ஒரு விநாடி கண் அசந்தால் போதாதா? நோய் அவருக்கு, உயிர் போவது எதிரே வருபவருக்கு!

காற்றே மருந்து

நோய் பெரியது. ஆனால் வைத்தியம் எளியது. வெறும் காற்றுதான் மருந்து!

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து டாக்டர் காலின் சல்லிவன் 1981-ம் ஆண்டில் இதை உலகுக்குச் சொன்னார். மூக்கு வழியாகக் காற்றை இலேசான அழுத்தத்தில் இடைவிடாமல் செலுத்தினார். ஊதிய பலூன் சுருங்காமல் நிற்பதுபோல, தொண்டை மூடாமல் திறந்தே நின்றது. நோயாளிகள் நிம்மதியாகத் தூங்கினார்கள். இன்று "சி-பேப்" என்ற பெயரில் விற்கும் கருவி இந்த வழியில் வந்ததுதான்.

அந்த டாக்டரின் முதல் முகமூடி எப்படி இருந்தது தெரியுமா? ஒவ்வொரு நோயாளியின் மூக்கையும் அச்செடுத்து, அந்த அளவிலேயே மூடி செய்தார். இரவில் அதைப் பசை போட்டு ஒட்ட வேண்டும். காலையில் பிய்த்தெடுக்க வேண்டும். சங்கடமான வேலைதான். ஆனால் ஒரு நல்ல விஷயம் அதில் இருந்தது. அவரவர் மூக்குக்கு அவரவர் மூடி!

பிறகு முகமூடி தொழிற்சாலைச் சரக்காயிற்று. மெத்தென்ற சிலிக்கோன் விளிம்பும், இழுத்துக் கட்டும் பட்டையும் வந்தன. வசதி பெருகியது உண்மை. ஆனால் அவரவர் மூக்கை அளந்து செய்யும் வழக்கம் போய்விட்டது.

பீரோ மேல் போன கருவி

பல்லாயிரம் ரூபாய் கொடுத்துக் கருவியை வாங்குகிறார்கள். பத்து நாள் மாட்டுகிறார்கள். பிறகு அது பீரோ மேல் ஏறிவிடுகிறது. உலகெங்கும் டாக்டர்களின் கவலை இதுதான். ஓர் இரவில் குறைந்தது நான்கு மணி நேரமாவது மாட்டியிருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். அதைக்கூட எட்டாதவர்கள் ஏராளம்.

நோயாளிக்குப் பொறுமை இல்லை என்று நாம் சுலபமாகச் சொல்லி விடுகிறோம். அது நியாயமா?

முகமூடி சரியாகப் பொருந்தாவிட்டால் காற்று பக்கவாட்டில் கசிகிறது. கசிந்த காற்று கண்ணில் அடிக்கிறது. கசிவை நிறுத்தப் பட்டையை இறுக்குகிறார்கள். இறுக்கினால் மெத்தென்ற விளிம்பு நசுங்கி, கசிவு இன்னும் அதிகமாகும். மூக்குத் தண்டில் புண் வருகிறது. இந்தத் தொல்லையை யார்தான் தினமும் தாங்குவார்கள்? கடிக்கிற செருப்பைக் கழற்றி எறிந்தவரை யாராவது சோம்பேறி என்பார்களா?

நம் வீட்டு நிலைமை வேறு

"சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவு வாரியாகத்தானே விற்கிறார்கள்?" என்று கேட்கலாம். விற்கிறார்கள். ஆனால் அளவு மட்டும் போதாது.

நம் ஆண்கள் பலருக்கு மீசை உண்டு. மீசை மேல் விளிம்பு படியாது; காற்று கசியும். பெண்களுக்கு மூக்குத்தி உண்டு. அதன் மேல் விளிம்பு ஏறினால் அழுத்தும். பின்னலும் கொண்டையும் இருக்கிற தலையில் பட்டை எங்கே நிற்கும்? எண்ணெய் தேய்த்த தலையில் அது வழுக்காதா? சித்திரை மாதப் புழுக்கத்தில் முகம் வியர்த்தால் விளிம்பு நழுவாதா? பாயில் ஒருக்களித்துப் படுப்பவருக்குக் குழாய் எந்தப் பக்கம் போக வேண்டும்?

குளிர்சாதன அறையில், கட்டிலில், மல்லாந்து படுப்பவரை மட்டும் மனத்தில் வைத்துச் செய்த முகமூடி இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாது.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. மேல்நாட்டுச் செயற்கைக் காலை மாட்டிக் கொண்டு நம்மவர்கள் தரையில் சப்பணமிட்டு உட்கார முடியவில்லை. வெறுங்காலோடு வயலில் நடக்க முடியவில்லை. கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் சேத்தியும் 1968-ம் ஆண்டில் "ஜெய்ப்பூர் கால்" செய்தார்கள். உட்காரலாம், நடக்கலாம், மரம்கூட ஏறலாம். காலுக்குச் செய்ததை மூக்குக்குச் செய்ய முடியாதா?

அம்பத்தூரால் முடியும்

நெமிலிச்சேரியில் ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஆவடி, அடுத்து அம்பத்தூர். ஆவடியில் ராணுவ வீரர்களுக்கு உடை தைக்கும் தொழிற்சாலை இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மோட்டார் வண்டிகளுக்கு ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களை மயிரிழை பிசகாமல் வார்க்கிறார்கள். கிண்டியில் பிளாஸ்டிக் தொழில்நுட்பம் சொல்லித் தரும் சிப்பெட் நிலையம் இருக்கிறது. அச்சு செய்பவர், வார்ப்பவர், தைப்பவர் எல்லோரும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நோயாளியை அறிந்த டாக்டர்கள் சென்னை ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள். இவர்களை ஒரே மேஜையில் உட்கார வைக்க வேண்டும். அவ்வளவுதான்!

இது விளையாட்டு வேலை அல்ல. தோலுக்குக் கெடுதல் செய்யாத சிலிக்கோன் வேண்டும். வெளிவிடும் கரியமில வாயு போகச் சிறு துவாரங்கள் வேண்டும். காந்தக் கொக்கி வைத்த சில முகமூடிகள், பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கு ஆபத்து என்று 2022-ம் ஆண்டில் எச்சரிக்கை வந்தது. ஆகவே மருத்துவக் கருவிகளுக்கான 2017-ம் ஆண்டு விதிகளின்படி லைசென்சு பெற்று, சோதித்துத்தான் விற்க வேண்டும்.

அரசாங்கமும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருவி பல ஆண்டு உழைக்கும். முகமூடி உழைக்காது, விளிம்பு தேய்ந்ததும் மாற்ற வேண்டும். கருவிக்குப் பணம் கொடுத்துவிட்டு முகமூடிக்குக் கையை விரித்தால், மாடு வாங்கியவன் கயிற்றுக்குக் கஞ்சத்தனம் பார்த்த கதையாகும்.

நீங்கள் செய்ய வேண்டியது

நல்ல காலம் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். வீட்டில் யாருக்காவது குறட்டைக்கு நடுவே மூச்சு நின்றால், பகலில் அடிக்கடி தூக்கம் சொக்கினால், டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரவுத் தூக்கச் சோதனை செய்து கொள்ளச் சொல்லுங்கள்.

முகமூடியைக் கடையில் உட்கார்ந்தபடி மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள். படுத்து, புரண்டு, காற்றை ஓடவிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் வேறு மாதிரி கேளுங்கள். மூக்கை மட்டும் மூடுவதும், மூக்குத் துவாரத்தில் நிற்பதும், வாயையும் சேர்த்து மூடுவதும் உண்டு. படுக்கும் முன் முகத்து எண்ணெயைக் கழுவுங்கள். விளிம்பைத் தினமும் இலேசான சோப்பு நீரில் அலசுங்கள். காற்றுத் துவாரங்களை ஒருபோதும் அடைக்காதீர்கள்.

கண்ணாடி வாங்கும்போது நம் கண்ணைச் சோதிக்கிறார்கள். சட்டை தைக்கும்போது நம் தோளை அளக்கிறார்கள். இரவெல்லாம் உயிர் மூச்சைக் காக்கிற முகமூடிக்கும் நம் முகத்தை அளந்து பார்க்கட்டும்!