நல்ல பழக்கம்னு பேர் வச்ச வியாதி

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிட்டிருந்த பதிவு இது. போன வாரம் ஆபீஸ்ல வந்த ஒரு மெயில் தட்டி எழுப்பிடுச்சு. 'ஸ்டெப் சேலஞ்ச்'. முப்பது நாள், யார் அதிகமா நடக்கறாங்களோ அவங்களுக்குப் பரிசு, தினம் சாயங்காலம் ரேங்க் லிஸ்ட். கடைசில ஒரு வரி: "நோ எக்ஸ்க்யூசஸ்!"

மூணு வருஷம் முன்னாடி இதே போட்டில முதல் பரிசு வாங்கினவன் அடியேன். மேடையேத்தி ஷீல்டு குடுத்தாங்க, எல்லாரும் கை தட்டினாங்க. அன்னிக்கு என் வலது கால் எலும்புல விரிசல். வலியோடதான் ஓடிட்டிருந்தேன். எனக்கு அந்தக் கைதட்டல் மேலதான் கோபம்.

கதைச் சுருக்கம் இதுதான். தொப்பையைக் குறைக்கலாம்னு காலைல ஓட ஆரம்பிச்சேன். அப்புறம் சாயங்காலம் ஜிம்மும் சேர்ந்துச்சு. அதுக்கப்புறம் ராத்திரி பதினோரு மணிக்கு, வாட்ச்ல கணக்கு முடியலைன்னு மொட்டை மாடில நடை. "மச்சி, பேய் நடக்குதுன்னு ஹவுஸ் ஓனர் பயந்துடப் போறாருடா"ன்னு ரூம்மேட் சிரிச்சான். நானும் சிரிச்சேன். காய்ச்சல்லயும் ஓடினேன். அக்கா கல்யாணத்துல பந்தில உக்காராம, சாப்பிட்டாச்சுன்னு பொய் சொல்லிட்டு மண்டபத்துப் படிக்கட்டை ஏறி இறங்கினேன். ஓடினாத்தான் சோறுன்னு ஆயிடுச்சு. நம்ம ப்ரோக்ராமர் பாஷைல சொன்னா, எக்ஸிட் கண்டிஷன் இல்லாத லூப்.

யார் தடுத்தாங்க? அம்மா ஒருத்தங்கதான். "கண்ணு ரெண்டும் குழிக்குள்ள போயிடுச்சேடா"ன்னாங்க. அம்மான்னா அப்படித்தான் சொல்வாங்கன்னு ஒதுக்கிட்டோம். மத்தவங்களுக்கெல்லாம் "செம டெடிகேஷன் பாஸ்", "உங்க டயட் என்ன?" இதுதான் பேச்சு. நாடித்துடிப்பு கம்மியா இருக்கேன்னு கேட்டதுக்கு, "ஓடறவங்களுக்கு அப்படித்தான்"னு ஒரு டாக்டரே அனுப்பிட்டார். பயிற்சியால பலமான இதயமும் மெதுவாத் துடிக்கும், பட்டினில சிக்கனம் பண்ற இதயமும் மெதுவாத் துடிக்கும். எது எதுன்னு தெரிய ரெண்டு கேள்வி சேர்த்துக் கேக்கணும்.

அதைக் கேட்டவர் எலும்பு டாக்டர். "ஆறு வாரம் ஓடலைன்னா உங்களுக்கு என்ன ஆகும் தம்பி?" பதில் வரலை, அழுகைதான் வந்துச்சு. அவர்தான் என்னை மனநல மருத்துவர்கிட்ட அனுப்பினார்.

இது ஏதோ புது ஐடி வியாதின்னு நினைக்காதீங்க. 'அனோரெக்ஸியா நெர்வோசா'ன்னு பேர் வச்ச லண்டன் டாக்டர் வில்லியம் கல், எலும்பும் தோலுமா வந்த பொண்ணு ஓய்வில்லாம நடமாடிட்டே இருந்ததை 1870-கள்லயே குறிச்சு வச்சிருக்கார். உழைப்புக்கேத்த சாப்பாடு இல்லைன்னா எலும்பு, ஹார்மோன், இதயம் எல்லாம் அடிவாங்கும், ஆண்களும் தப்பிக்க முடியாதுன்னு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல எச்சரிச்சது. நாம துரத்தற பத்தாயிரம் அடிக் கணக்கு? 1965-ல ஜப்பான்ல வித்த ஒரு நடை எண்ணும் கருவியோட பேர்ல இருந்து பரவினது. 'மான்போ கெய்', அதாவது 'பத்தாயிரம் அடி மீட்டர்'. டாக்டர் எழுதின சீட்டு இல்லைங்க, கடைக்காரர் ஒட்டின லேபிள்.

"நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சர்க்கரை வியாதி இருக்கு, நீ எக்சர்சைஸ் வேணாம்கிறியா?"ன்னு யாராவது வருவீங்கன்னு தெரியும். 2023-ல வந்த ஐசிஎம்ஆர் ஆய்வுல அந்தக் கணக்கு நிஜமாவே இருக்கு. நடங்க, ஓடுங்க, நல்லா இருங்க. ஆனா உடற்பயிற்சி மருந்துன்னு சொல்றது நீங்கதானே? மருந்துன்னா அளவு உண்டு. ஊருக்கே மாத்திரை தேவைங்கறதுக்காக, பாட்டிலையே முழுங்கறவனைப் பார்த்துக் கை தட்டுவீங்களா?

குணமாகறது இதைவிடப் பெரிய கூத்து. மூணு மாசம் ஓட்டம், ஜிம் எல்லாத்துக்கும் தடை. வாட்சைக் கழட்டி அம்மாகிட்ட குடுத்தேன், நகைப்பெட்டி பக்கத்துல வச்சு பீரோவைப் பூட்டிட்டாங்க. சும்மா உக்காந்திருக்கறதுதான் உலகத்துலயே கஷ்டமான எக்சர்சைஸ்னு அப்பத்தான் புரிஞ்சுது. டயட்டீஷியன் சொன்ன நேரத்துக்குச் சாப்பிட ஆரம்பிச்சதும் ஒரு பசி வந்துச்சு பாருங்க, அடங்கவே இல்லை. பயந்தே போயிட்டேன்.

டாக்டர் ஒரு பழைய ஆய்வைச் சொன்னார். 1944-45-ல அமெரிக்காவுல மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்செல் கீஸ்னு ஒருத்தர் நடத்தினது. ஆரோக்கியமான 36 ஆண்களுக்கு ஆறு மாசம் சாப்பாட்டைச் சுமார் பாதியாக் குறைச்சு, வாரம் 35 கிலோமீட்டர் நடக்க வச்சாங்க. எடைல கால்வாசி போச்சு. அதோட எரிச்சல், சோர்வு, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, சமையல் புத்தகத்தை வச்சுப் படிக்கறது. திரும்பச் சோறு போட்டப்ப, வயிறு முட்டத் தின்னும் பல பேருக்குப் பசி அடங்கலை. ஆக எனக்கு வந்தது கட்டுப்பாடு இல்லாத திண்டித்தனம் இல்லை. உடம்பு குடுத்த கடனை வசூல் பண்ண வந்திருந்துச்சு.

சரியா அந்த நேரத்துலதான் ஆபீஸ் கேன்டீன்ல, "என்ன பாஸ், ஜிம்மை விட்டாச்சா? தொப்பை எட்டிப் பாக்குது!" முன்னாடி கை தட்டின அதே ஆளுங்க. வியாதிக்கு ஷீல்டு, குணமாறதுக்கு நக்கல். ஒரு வாரம் பழையபடி மொட்டை மாடிக்குப் போனேன், மறைக்கலை.

அதனால கேக்கறேன். அடுத்தவன் இளைச்சாலும் பெருத்தாலும் கமெண்ட் அடிக்காம இருக்க முடியாதா? ஒரு சமோசாவுக்கு எத்தனை நிமிஷம் ஓடணும்னு படம் ஃபார்வேர்டு பண்ற புண்ணியவான்களே, படுத்துத் தூங்கறவனுக்கும் இதயம், மூளை, ஈரல் எல்லாம் வேலை செய்யுது. நாம தின்னறதுல பெரும்பங்கு அதுக்கே போகுது. சோறு தண்டனைக்குரிய குற்றம் இல்லை. உங்க டீம்ல யாராவது காய்ச்சல்லயும் ஓடினா "சூப்பர்"னு சொல்லாதீங்க. அந்த எலும்பு டாக்டர் கேட்ட கேள்வியைக் கேளுங்க.

மெயிலுக்கு 'நான் வரலை'ன்னு பதில் போட்டாச்சு. காரணம் கேட்டா இந்தப் பதிவோட சுட்டியைக் குடுக்கறதா உத்தேசம். திட்டறவங்க பின்னூட்டத்துல திட்டலாம், சாப்பிட்டுட்டு வந்து படிக்கறேன் :-)

பி.கு: படிச்சிட்டு "இது நான்தானே"ன்னு யாருக்காவது தோணுச்சுன்னா, தனியா போராடாதீங்க. மத்திய அரசோட டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. தமிழ்லயே பேசலாம்.