செத்தவருக்கு எதற்குப் பதக்கம்?

போன மாதம் காலை நடையின்போது கடற்கரைச் சாலையில், என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "என்ன முசியே, இன்னுமா அந்தச் சொல்தா கேசைக் கட்டிக்கிட்டு அழறீங்க? அந்தம்மாவுக்குப் பென்சன் வந்தாச்சு. செத்துப்போனவருக்கு எதுக்கு மெடல்?" என்றார். எனக்கு முழங்கால் வலி. நடந்துகொண்டே வாதாட முடியாது. சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன். அவரும் இதைப் படிப்பவர்தான்.

வெளியூர் வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. பிரெஞ்சு ராணுவத்தில் சேவகம் செய்த எங்கள் ஊர்க்காரர்களை நாங்கள் சொல்தா என்போம். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்று. அன்று தொடங்கி ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக்கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களாகவே இருந்தார்கள். சொல்தாக்களில் பலர் அப்படி இருந்தவர்கள். இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் சண்டை போட்டுவிட்டு வந்து, முத்தியால்பேட்டையிலும் குருசுகுப்பத்திலும் திண்ணையில் உட்கார்ந்து ழுர்னால் படித்தவர்கள். அவர்களுடைய பென்சனைப் பற்றிப் பொறாமைப்படாத தெரு எங்கள் ஊரில் இல்லை. அந்தப் பென்சனுக்குப் பின்னால் இருக்கும் காகிதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நான் சொல்லப்போகும் பெரியவர் எங்கள் தெருக்காரர். பெயர் வேண்டாம். 1951இல் சைகோனில், மாமா வீட்டில் இருந்தபடியே பட்டாளத்தில் சேர்ந்தார். 1954இல் போர் நிற்கும்வரை அங்கே. ஒரு சிறு இடைவெளி. பிறகு 1955இல் பிரான்சில் மறுபடி கையெழுத்துப் போட்டு, அல்ஜீரியா எல்லாம் பார்த்து, 1971இல் செர்ழானாக ஓய்வு. நாலு வருஷத்துக்கு முன் காலமானார்.

கோளாறு 1955இல் நடந்தது. நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. 1881ஆம் வருஷத்து ஆணைப்படி இந்துச் சட்டத்தைத் துறந்து குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டவர்கள் வேறு. மற்றவர்களுக்கு எத்தா சிவில் பதிவேட்டில் ஒரு பெயர், இன்னார் மகன், அவ்வளவுதான். ராணுவப் படிவத்திலோ நோம் என்று ஒரு கட்டம், ப்ரெநோம் என்று ஒரு கட்டம். இரண்டையும் நிரப்பியாக வேண்டும். சைகோனில் இருந்த எழுத்தர் பெரியவரின் சொந்தப் பெயரை நோம் என்றும், அப்பா பெயரை ப்ரெநோம் என்றும் போட்டார். பிரான்சில் இருந்தவர் தலைகீழாகப் போட்டார். போதாததற்கு நம்முடைய 'உ' சத்தத்துக்குப் பிரெஞ்சில் ஓ, யு என்று இரண்டு எழுத்து. அதில் ஒன்றை விழுங்கினார். புது ஆள் என்று புது மத்ரிக்குல் எண்ணும் கொடுத்துவிட்டார்கள். ஆக ஒரு மனிதர் இரண்டு ஆளானார். இந்தோசீனாவில் சண்டை போட்டவர் ஒருவர், அல்ஜீரியாவில் சண்டை போட்டவர் இன்னொருவர்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்குக் கணக்குச் சொல்கிறேன், நான் குமாஸ்தாதானே. 1955 முதல் 1971 வரை பதினாறு வருஷம். சொல்தாவுக்கும் செர்ழானுக்கும் பென்சன் உரிமைக்கு அப்போது பதினைந்து வருஷம் போதும். எனவே பென்சன் கிடைத்தது. யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் முதல் மூன்று வருஷம் கணக்கிலேயே வரவில்லை. அது சாதாரண மூன்று வருஷம் இல்லை. போர்க்களத்தில் இருந்த நாளுக்கு அவர்கள் முறையில் கூடுதல் நாள் சேர்ப்பார்கள். இரட்டைக் கணக்கு கிடைத்தால் ஒரு நாள் மூன்று நாளாகும். சைகோனில் கப்பல் ஏறிய தேதி, இறங்கிய தேதி என்று அந்தத் தாளில் குறிப்பதெல்லாம் அலங்காரத்துக்கு அல்ல. ஒவ்வொரு தேதியும் காசு. பெரியவர் நாற்பத்தெட்டு வருஷம் குறைச்சலாக வாங்கினார். அவருடைய மனைவிக்கு அதில் பாதிதான் வரும். குறைந்த தொகையில் பாதி.

அக்கா என்னிடம் வந்தபோது கையில் ஒரு பத்திரம் இருந்தது. இடைத்தரகர் ஒருவர் செய்துகொடுத்தது. முத்திரைத்தாள், நோட்டரி, இரண்டு சாட்சி. இன்ன பெயர்க்காரரும் இன்ன பெயர்க்காரரும் ஒரே நபர்தான் என்று அக்கா சத்தியம் செய்திருந்தார். திருமணப் பதிவில் ஒரு பெயர், பென்சன் புத்தகத்தில் ஒரு பெயர் என்று ஓர் அலுவலகத்தில் நிறுத்திவைத்திருந்தார்கள். பத்திரத்தைக் காட்டியதும் பென்சன் வந்துவிட்டது. என் நண்பர் "வந்தாச்சு" என்று சொன்னது இதைத்தான்.

நான் சண்டைக்கு நிற்பது இந்தப் பத்திரத்தோடுதான். நம் ஊரில் எதற்கெடுத்தாலும் இது ஒரு வைத்தியம். பதிவேட்டில் தப்பு என்றால் பதிவேட்டைத் திருத்துவதில்லை. தப்பைச் சுமக்கிறவனைக் கூப்பிட்டு, 'நான் இரண்டு பெயரில் திரிந்தேன்' என்று ஒப்புக்கொள்ள வைக்கிறோம். எழுதியவன் செய்த பிழைக்கு எழுதப்பட்டவன் வாக்குமூலம். அந்த மனிதர் எந்த நாளும் இரண்டு பெயர் வைத்துக்கொண்டதில்லை. இன்னும் மோசமான தரகர்கள் உண்டு. ஆதாரையும் பிள்ளைகளின் பத்திரங்களையும் ராணுவத் தாளில் உள்ள தப்புப் பெயருக்கு மாற்றிவிடச் சொல்கிறார்கள். சட்டை பெரிது என்று ஆளைச் சதை போடச் சொல்வது போல. நாளைக்குப் பேரப்பிள்ளை குடியுரிமைச் சான்றிதழ் கேட்டு நிற்கும்போது, சரியாக இருந்த எத்தா சிவிலும் தப்பான தாளும் மறுபடி முட்டிக்கொள்ளும். அப்போது இன்னொரு பத்திரம். பத்திரம் எழுதுகிறவர் பிழைப்பு நடக்கும்.

"காலம் கடந்துவிட்டது ஐயா" என்று ஒருவர் எனக்கே சொன்னார். அவர் சொன்னது தப்பு. பிரெஞ்சுப் பென்சன் சட்டத்தில் ஐம்பத்தைந்தாம் பிரிவு தெளிவாக இருக்கிறது. சட்டத்தைப் புரிந்துகொண்டதில் பிழை என்றால் ஒரு வருஷத்துக்குள் கேட்க வேண்டும். வெறும் எழுத்துப் பிழை, கூட்டல் பிழை, விடுபட்ட ஆவணம் போன்ற பொருட்பிழை என்றால் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். பழைய பாக்கிதான் எல்லாம் கிடைக்காது. தாமதம் பென்சன்காரருடையது என்றால் விண்ணப்பித்த வருஷமும் அதற்கு முந்தைய நாலு வருஷமும் மட்டும். ஆகவே தள்ளிப்போடுவதில்தான் நஷ்டம். உங்கள் வீட்டில் இப்படி ஒரு தாள் இருந்தால் அடுத்த பொங்கல்வரை வைத்துக்கொண்டிருக்காதீர்கள். எழுத்தால் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். தன் கோப்பின் நகலைக் கேட்டு வாங்கும் உரிமை அங்கே 1978ஆம் வருஷச் சட்டத்திலிருந்தே உண்டு.

கோப்பு பிரான்சின் தென்மேற்கில் ஓர் ஊரில் இருக்கிறது. ஊர் பெயர் போ. உண்மையாகவே அப்படித்தான் உச்சரிக்க வேண்டும். "எங்கே தம்பி எழுதணும்?" என்று அக்கா கேட்டார். "போ" என்றேன். "ஏன் தம்பி வெரட்டுறீங்க?" என்றார். இந்த வேலையில் நாங்கள் சிரித்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

இரண்டு பெயரையும் இரண்டு மத்ரிக்குல் எண்ணையும் குறிப்பிட்டு எழுதினேன். இரண்டு சேவைத் தாளும் வந்தன. நான் தேடியது பெயரை அல்ல. அந்தத் தாளில் தாய் தந்தை பெயர், பிறந்த தேதி, உயரம், அங்க அடையாளம் எல்லாம் இருக்கும். பிறந்த தேதி ஒன்று. தாய் பெயர் ஒன்று. இரண்டிலும், இடது புருவத்தில் தழும்பு. வாசித்துக் காட்டினேன். அக்கா தன் புருவத்தைத் தொட்டுக்கொண்டு, "பனைமரத்துலேருந்து விழுந்தது. பத்து வயசுல" என்றார். நோட்டரியின் பத்திரத்தைவிட அந்தத் தழும்பு பெரிய சாட்சி. அதை வைத்துத்தான் முதல் கடிதம் போனது.

இனி நண்பரின் கேள்வி, மெடல். பெரியவரின் டிரங்குப் பெட்டியில் கைக்குட்டையில் சுற்றி ஒரு சிலுவை இருந்தது. அந்நிய மண் போர்களுக்கான க்ருவா தெ கேர், ரிப்பனில் ஒரு வெண்கல நட்சத்திரம். படைப்பிரிவு மட்டத்தில் பாராட்டு பெற்றால் அந்த நட்சத்திரம். கூடவே மடித்த ஒரு காகிதம், 1953ஆம் வருஷத்துப் பாராட்டு ஆணை, எண்ணோடு, சைகோன் கோப்பில் இருக்கும் பெயரில். சுட்டுக்கொண்டிருக்கும்போது காயம்பட்ட இருவரைத் தூக்கி வந்தார் என்று நாலு வரி. அக்காவுக்கே அதுவரை தெரியாது.

ஏன் அதை அணியவில்லை என்று விசாரித்தேன். ஒரு நவம்பர் 11 அன்று கடற்கரை நினைவுச் சின்னத்துக்கு முன்னால் நடக்கும் மரியாதைக்கு அணிந்துபோனாராம். பட்டியல் வைத்திருந்த யாரோ, "உம்ம தாளில் இது இல்லையே, எங்கே வாங்கினீர்?" என்று நாலு பேர் முன்னால் கேட்டாராம். பெறாத பதக்கத்தை அணிவது பிரெஞ்சுச் சட்டப்படி குற்றம். ஒரு வருஷம் சிறை, 15,000 யூரோ அபராதம் வரை போகும். பெரியவர் ஒன்றும் பேசாமல் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்தவர், அதற்கப்புறம் அந்த மரியாதைக்கே போகவில்லையாம். கூட இருந்த இன்னொரு சொல்தா சொன்னது இது. அவருக்கும் தொண்ணூறு நெருங்குகிறது.

நண்பரே, நீங்கள் செத்தவருக்கு எதற்கு என்று கேட்கிறீர்கள். அவர் உயிரோடு இருந்தபோதே அவரைப் பொய்யர் என்று சொல்லியாகிவிட்டது. அது இன்னும் அந்தத் தாளில் அப்படியே இருக்கிறது.

கேட்டவரையும் நான் குறைசொல்ல மாட்டேன். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. என்னிடமே வருகிறார்கள்: "தாத்தா இந்தோசீனாவுக்கும் போனார்னு சேர்த்து எழுதுங்க சார், யார் பார்க்கப்போறா." சந்தையில் வாங்கிய பதக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் வீடும் பார்த்திருக்கிறேன். ரெழிமான் மொத்தத்துக்கும் கிடைத்த தோள் கயிற்றைத் தன் சொந்த வீரத்துக்குக் கிடைத்ததாகச் சொல்லிக்கொண்டவரும் உண்டு. இவர்களுக்கு நான் ஒரு வரிகூட எழுதித் தருவதில்லை. தாளில் இல்லாததைக் கூட்டுவதற்கும் தாளில் விடுபட்டதைச் சேர்ப்பதற்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் நான் இத்தனை வருஷம் பேனா பிடித்தது வீண். பொய்ப் பதக்கங்கள் பெருகியதால்தான் நிஜமானவர் கைக்குட்டையில் மறைக்க வேண்டி வந்தது.

நானும் யோக்கியன் இல்லை. வேலையில் இருந்தபோது, மாலை ஐந்து மணிக்குள் கட்டு முடிக்க வேண்டும் என்று இனிஷியலை விட்டிருக்கிறேன். அப்பா பெயரையும் பிள்ளை பெயரையும் மாற்றிப் போட்டிருக்கிறேன். திருத்தக் கேட்டு வந்தவர்களிடம் "அஃபிடவிட் கொண்டு வாங்க" என்று சொன்னவனும் நானே. அவர்களில் ஒருவர்கூட என் தப்பை என்னிடம் சொல்லிக்காட்டவில்லை. தலையை ஆட்டிவிட்டு நோட்டரியைத் தேடிப் போனார்கள். எத்தனை பேர் என்று எண்ணி வைக்கவில்லை.

இன்றைய நிலவரம்: இரண்டு கோப்பும் ஒரே ஆளுடையவை என்று ஏற்றுக்கொண்டு பதில் வந்திருக்கிறது. பென்சன் மறுகணக்குக்கு அனுப்பியிருப்பதாகவும் சொல்கிறார்கள். சிலுவையைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. ஆணையின் நகல், எண், தேதி எல்லாம் இணைத்து மூன்றாவது கடிதம் நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ரசீதை அக்காவிடம் கொடுத்தேன். அதையும் அந்தக் கைக்குட்டையிலேயே முடிந்து வைத்திருக்கிறார்.