பட்டியலுக்கு வெளியே வலிப்பு

7 வகைகளாக இருந்த ஊனங்கள் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 ஆயின. பார்கின்சன் நோய் சேர்ந்தது, ஹீமோபீலியா சேர்ந்தது. மனநோய் முன்பே இருந்தது. வலிப்புக்கு மட்டும் இடமில்லை. புதிய வகைகளை மத்திய அரசே அறிவிக்கை மூலம் சேர்க்கலாம் என்று அட்டவணையின் கடைசி வரி சொல்கிறது. அந்த ஒற்றை அறிவிக்கைக்குத்தான் டில்லியில் இத்தனை ஆண்டுப் பஞ்சம்.

இதன் வலியைத் திருப்பூர் முதலிபாளையத்தில் பார்க்கலாம். சிட்கோ வளாகத்துப் பனியன் கம்பெனிகளில் ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட் ஓடும். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்பது மருத்துவர் முதல் நாளே சொல்லும் எச்சரிக்கை. ஓவர்லாக் மெஷினில் இருப்பவருக்கு இழுப்பு வந்தால், கையில் திணிக்கச் சாவிக்கொத்தைத் தேடி ஓடுவார்கள். இரும்பால் ஒரு பயனும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தாலே போதும். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். அதன்பிறகுதான் சிக்கல். சனிக்கிழமை கணக்கு முடித்து அனுப்பிவிட்டால், நியாயம் கேட்கப் போகிறவரிடம் நீட்ட மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடையாது. அதனால் பீஸ் ரேட்டில் ஓடுகிறவர் நோயை மறைக்கிறார். மாத்திரையைக்கூட மறைத்தே விழுங்குகிறார்.

மறைத்து வாழ்வது மனதை அரிக்காதா? வலிப்பு உள்ளவர்களில் 23 சதவீதம் பேருக்கு மனச்சோர்வும், 20 சதவீதம் பேருக்குப் பதற்றமும் இருப்பதாக உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. பயம் மட்டுமே காரணமல்ல. உணர்ச்சிகளை ஆளும் மூளைப்பகுதியிலேயே சிலருக்கு வலிப்பு கிளம்புகிறது. லெவெட்டிரசிட்டம் போன்ற மாத்திரைகள் சிலரைச் சிடுசிடுப்பாக்குகின்றன. மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பின்னாளில் வலிப்பு வரும் வாய்ப்பும் கூடுதல். இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. ஆனால் வலிப்பு மனநோய் அல்ல.

இந்த வேறுபாட்டை டில்லி தன் வசதிக்கேற்பவே நினைவில் வைத்துக்கொள்கிறது. 1976 திருத்தத்தில் இந்துத் திருமணச் சட்டம் பித்தையும் வலிப்பையும் ஒரே வரியில் கட்டியது. வலிப்பைக் காட்டித் திருமணத்தையே ரத்து செய்யலாம் என்ற நிலை. வலிப்பு என்ற அந்தச் சொல்லை அடிக்க 1999 வரை 23 ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் வாழாவெட்டியாகத் திரும்பிய பெண்களுக்கு யார் பதில் சொன்னது? 1982 தேசிய மனநலத் திட்டத்தை மாவட்டங்களுக்குக் கொண்டுபோக பெல்லாரியில் சோதித்தபோதும் வலிப்பு சிகிச்சை அதிலேயே சேர்க்கப்பட்டது. இழிவுபடுத்தவும் மாத்திரை கொடுக்கவும் மனநோயோடு ஒரே பந்தி. உரிமை கேட்டால் மட்டும் இலை கிடையாது!

டில்லியின் வேகமும் தெரிந்த கதைதான். திருப்பூர் தொழிலாளர்களுக்கான 100 படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டியது 2019 பிப்ரவரியில். திறந்தது 2024 பிப்ரவரியில். அந்த ஐந்தாண்டும் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் மட்டும் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. அன்னியச் செலாவணி ஈட்டித் தரும் ஊருக்கு இதுதான் மரியாதை.

வலிப்பையும் அதோடு வரும் மனத்துயரையும் சேர்த்துப் பார்க்கும் ஏற்பாடு ஒன்று வந்தாக வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதை அதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் யோசிக்கட்டும். கொங்கு மண்டல எம்.பி.க்கள் பருத்தி நூல் விலைக்கு எழுப்பும் குரலில் பாதியையாவது இதற்கு எழுப்பட்டும்.