கொள்வார் உண்டோ?

படித்து முடித்ததும் வேலை தேடி அலையாமல், சொந்தமாகத் தொழில் தொடங்க வேண்டும் என்ற ஆவல் நம் மாணவியரிடையே வளர்ந்து வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், "பொருளை முதலில் செய்வோம், வாங்குவோர் தாமே வருவர்" என்று எண்ணுவது முறையன்று என்பதே நம் கருத்து.

1999-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிக் ஸ்வின்மர்ன் என்பவர் இணையத்தின் வழியே காலணி விற்க விரும்பினார். போட்டுப் பாராமல் எவரேனும் காலணி வாங்குவரா? அவர் கிடங்கு கட்டவில்லை. சரக்கு வாங்கிக் குவிக்கவுமில்லை. கடைகளிலிருந்த காலணிகளைப் படமெடுத்து இணையத்தில் இட்டார். ஆர்டர் வந்த பின்னரே கடையில் விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். இலாபம் இல்லை, ஐயம் தீர்ந்தது. அவ்வாறு பிறந்த ஸாப்போஸ் நிறுவனத்தை 2009-இல் அமேசான் ஏறத்தாழ 120 கோடி டாலருக்கு வாங்கியது. அதே காலத்தில் மளிகையை வீடு தேடிக் கொணர முனைந்த வெப்வேன், போதிய வாடிக்கையாளர் சேருமுன்பே பெரும் இயந்திரக் கிடங்குகளைக் கட்டி, 2001-இல் திவாலாயிற்று.

கேட்பதிலும் கவனம் வேண்டும். மலிவு விலை நாப்கின் செய்ய முனைந்த கோவை அருணாசலம் முருகானந்தம், மருத்துவக் கல்லூரி மாணவியரிடம் அதனைக் கொடுத்துக் கருத்துக் கேட்டார். தாள்களைத் திரும்பப் பெறச் சென்றபோது, ஒரு சிலரே அனைத்தையும் நிரப்பிக் கொண்டிருக்கக் கண்டார்! முகத்துக்காகச் சொல்வது சான்றாகாது. உற்றாரும் தோழியரும் "நன்று" என்பர், அது அன்பு. அறியாத ஒருத்தி முன்பணம் தந்து கேட்டால், அதுவே தேவை.

எண்ணத்தை வெளியே சொன்னால் பிறர் கவர்ந்துவிடுவர் எனச் சிலர் அஞ்சுகின்றனர். எவரும் வேண்டாத பொருளில் முதல் முடங்குவது அதனினும் பெரிய இழப்பன்றோ? நம் வீடுகளில் முதல் என்பது பெரும்பாலும் அன்னையின் நகை, தந்தையின் சேமிப்பு, அல்லது மகளிர் குழுக் கடன். நான்கு தையல் இயந்திரம் வாங்குமுன், வீட்டிலுள்ள ஒன்றில் பத்து உடைகள் தைத்து விற்றுப் பார்க்கலாம். விற்காவிடில் நட்டம் பத்து உடையோடு போகும். நகை பெட்டியில் இருக்கும்.

ஆகவே, பெற்றோரே! மகள் தொழிலுக்குப் பணம் கேட்டால், உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே தரவும் வேண்டாம். "இதுவரை எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கினர்?" என்று கேளுங்கள். அதற்கு விடை தேடப் புறப்படும் மகளே தொழிலின் முதற்படியில் கால் வைத்தவள்.