சேர், ஒரு பேக்ல போட்டுத் தரட்டா?



இது தேர்தல் விடயமும் இல்லை, பரீட்சைப் பெறுபேறும் இல்லை. ஒரு சொப்பின் பையைப் பற்றித்தான். கொஞ்சம் நீளமாக இருக்கும், பின்னேரம் பாண் வாங்கப் போகுமுன் வாசித்தால் நல்லது.

முதலில் அதன் பெயரைப் பாருங்கள். 'ஷொப்பிங்' என்பது கடையில் சாமான் வாங்குகிற வேலையின் பெயர். அதையே பைக்குப் பெயராக வைத்து, நமது வாய்க்கு வசதியாக 'சொப்பின்' ஆக்கிவிட்டோம். இன்று ஊரில் ஒரு சின்னப் பிள்ளையிடம் சொப்பின் என்றால் என்ன என்று கேட்டால் பையைத்தான் தூக்கிக் காட்டும். கடைக்குப் போவது என்றால் பையோடு திரும்புவது என்று நமது பேச்சே முடிவு செய்துவிட்டது.

கல்முனைச் சந்தையில் ஒரு பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். நாலு தேசிக்காய்க்கு ஒரு பை. 100 கிராம் பச்சை மிளகாய்க்கு இன்னொரு பை. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒரு பெரிய பை. மருந்துக் கடையில் குளிசையைக் கடதாசி உறையில் போட்டு, அந்த உறையை ஒரு பையில் போடுகிறார்கள். சாப்பாட்டுக் கடையில் ஆணம் ஒரு பையில், சம்பல் ஒரு பையில், பரோட்டா ஒரு தாளில், எல்லாம் சேர்ந்து மறுபடி ஒரு பையில். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு நாலு பை என்று வைத்தால் வருடத்துக்கு 1460. நூறு வீடுள்ள ஒரு தெருவுக்கு 1,46,000. இது ஆய்வு இல்லை, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை போடுகிற பெருக்கல். உங்கள் வீட்டில் நாலா, இரண்டா, எட்டா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஏன் இத்தனை என்று கேட்டால் 'வசதி' என்போம். கூர்ந்து பார்த்தால் வசதி பாதிதான். மற்றப் பாதி வெட்கம்.

கடைக்காரருக்கு ஒரு வெட்கம் இருக்கிறது. ஒரு சின்னப் பிள்ளை வந்து சவுக்காரம் கேட்டால் கையில் கொடுத்து அனுப்புகிறார். அதே சவுக்காரத்தை ஒரு ஹாஜியாரோ, பள்ளிவாசல் தலைவரோ, டீச்சரோ கேட்டால் பையில் போட்டுத்தான் தருகிறார். "சேர், ஒரு பேக்ல போட்டுத் தரட்டா?" என்ற கேள்வியில் வியாபாரத்தை விட மரியாதைதான் கூட இருக்கிறது. வேண்டாம் என்றால், "சும்மா எப்படி சேர் கையில கொண்டு போற?" என்று அவர்தான் சங்கடப்படுகிறார். ஊரில் யாருக்கு எவ்வளவு மதிப்பு என்று அறிய வேண்டுமானால், யாருக்குத் தடித்த பை கிடைக்கிறது என்று பார்த்தால் போதும்!

வாங்குகிறவருக்கு இன்னொரு வெட்கம். வீட்டிலிருந்து பழைய பையை மடித்துக் கொண்டு போனால் 'கஞ்சன்' என்று நினைப்பார்களோ என்ற பயம். மூன்று கத்தரிக்காயைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவால் நடந்தால் என்ன சொல்வார்களோ என்ற யோசனை. இதைக் கேலி செய்ய முடியாது. மீன் விற்கிற விலையில் பல வீட்டுக்கு ஒரு நாளைக்குக் கால் கிலோ கீரி மீன்தான் வருகிறது. அந்தக் கால் கிலோவைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்க்காமல் கொண்டு போக கறுப்புப் பை ஒரு திரை. ஒரு குடும்பத்தின் மானத்தை அது மூடுகிறது. 'பொலித்தீன் கூடாது' என்று எழுதி ஒட்டுகிற சுவரொட்டிக்கு இது விளங்காது.

மூன்றாவது, விருந்து கொடுக்கிறவரின் வெட்கம். முன்பெல்லாம் ஒரு வீட்டில் நல்ல ஆணம் காய்ச்சினால் பக்கத்து வீட்டுக்கு ஒரு கோப்பையில் போகும். அந்தக் கோப்பையை வெறுமையாகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். நாலு வாழைப்பழமோ, கொஞ்சம் சீனியோ வைத்துத்தான் வரும். இன்று பிளாஸ்டிக் பெட்டியில் போகிறது. பெட்டிக்குத் திரும்பி வருகிற கடமை இல்லை. "கோப்பையைத் தாங்க" என்று கேட்பது ஏதோ குறைவான காரியம் போல ஆகிவிட்டது. பெட்டி குப்பைக்குப் போனதோடு அந்த வாழைப்பழமும், அதைக் கொண்டு வந்த பிள்ளையும் வராமல் போய்விட்டார்கள். கலியாண வீட்டிலும் இதே கதை. ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தில் இப்போது ஆறு பார்சல், ஆறு கரண்டி, ஆறு தண்ணீர்ப் போத்தல். கொரோனா காலத்தில் பார்சலுக்கு ஒரு காரணம் இருந்தது. காரணம் போய்விட்டது, பார்சல் போகவில்லை.

நமது மூத்தம்மாமாருடைய காலத்தில் இந்த வெட்கங்கள் இல்லையா? இருந்தன. ஆனால் அவை வேறு இடத்தில் இருந்தன. பன்னில் இழைத்த பை ஒன்று கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அது இல்லாமல் கடைக்குப் போவதுதான் வெட்கம். பையை மறந்து போனவர் சாரனில் மடித்துக் கட்டிக்கொண்டு வந்தால் பிள்ளைகள் சிரிக்கும். மானத்தை மூடுகிற வேலையையும் அந்தப் பன் பை நன்றாகவே செய்தது. அதற்குள்ளே கால் கிலோவா, இரண்டு கிலோவா என்று எவருக்கும் தெரியாது.

இன்னொரு வேடிக்கை. நாம் பிடித்துக்கொண்டு திரிகிற இந்தக் கைபிடி வைத்த பையை உருவாக்கியவர் சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் ஸ்டென் குஸ்டாவ் துலின். 1965இல் அதற்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. கடதாசிப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் குறைக்கலாம் என்பது அவருடைய எண்ணம். அவர் ஒரு பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பாவித்தார் என்று அவருடைய மகன் பின்னாளில் சொன்னார். பலமுறை பாவிக்கச் செய்த ஒன்றை, கடையிலிருந்து வீடு வரும் வரைக்கும் மட்டும் பாவித்து எறிகிற பழக்கத்தை உலகம் பிறகு சேர்த்துக்கொண்டது.

சரி, அந்தப் பை எங்கே போகிறது? மாநகர சபை உழவு இயந்திரம் தெருமுனையில் திரும்பியதும் நமது கண்ணுக்கு அது மறைந்துவிடுகிறது. ஆனால் அது நமது மாவட்டத்தை விட்டுப் போவதில்லை. ஒலுவிலுக்கு அப்பால் பள்ளக்காட்டில், வயலுக்கும் காட்டுக்கும் நடுவில், நமது கரையோர ஊர்களின் குப்பை வருடக்கணக்காகக் கொட்டப்பட்டது. 2022 ஜனவரியில் அந்த இடத்தின் பெயர் உலகப் பத்திரிகைகளில் வந்தது. அந்த வாரம் அங்கே இரண்டு யானைகள் செத்துக் கிடந்தன. அதற்கு முந்திய எட்டு வருடத்தில் சுமார் இருபது யானைகள் அந்தக் குப்பையைத் தின்று செத்திருந்ததாக அப்போது செய்தி வந்தது. உடலை அறுத்துப் பார்த்த மிருக வைத்தியர், வயிற்றில் பொலித்தீனும், உணவு சுற்றிய தாள்களும், செமிக்காத மற்றப் பொருட்களும், தண்ணீரும்தான் இருந்தன, யானை வழமையாகத் தின்கிற இரை இருக்கவில்லை என்றார். யானை வராமல் தடுக்க அங்கே போட்டிருந்த மின்வேலியை 2014இல் மின்னல் தாக்கியதும், அது பிறகு திருத்தப்படாமல் கிடந்ததும் அந்தச் செய்தியிலேயே இருந்தது.

யானை பொலித்தீனை விரும்பித் தின்பதில்லை. சோற்று மணத்துக்கும் உப்புக்கும் எண்ணெய்க்கும் வருகிறது. நாம் மிச்சச் சோற்றைப் பையில் போட்டு, நாறாமல் இருக்க இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டுகிறோம். அந்த முடிச்சை அவிழ்க்க யானைக்குத் தெரியாது. பையோடு விழுங்குகிறது. தெருவில் திரிகிற மாடும் ஆடும் செய்வது இதைத்தான். மாட்டின் இரைப்பையில் பொலித்தீன் உருண்டு திரண்டு கிடப்பது உலகம் முழுவதும் மிருக வைத்தியர்கள் காண்கிற ஒன்று. அந்த மாட்டின் பாலைத்தான் குடிக்கிறோம், அந்த மாட்டைத்தான் அறுக்கிறோம்.

மாவடிப்பள்ளிப் பக்கம் வயலில் யானைக்கூட்டம் இறங்கினால் வீதியோரம் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லோர் கையிலும் போன், வீடியோ. பலருடைய மற்றக் கையில் ஒரு சொப்பின் பை. இந்தக் காட்சியை என்னவென்று சொல்வது?

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2017 ஏப்ரலில் புதுவருடத்தன்று மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே வருடம் செப்டம்பரில் லஞ்ச் ஷீட்டுக்கும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டிக்கும் தடை வந்தது. 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் கரண்டி, கோப்பை, தட்டு, ஸ்ட்ரோவுக்குத் தடை வந்தது. 2025 நவம்பர் 1 முதல் கைபிடி வைத்த பொலித்தீன் பையைக் கடைகள் இலவசமாகக் கொடுக்கக் கூடாது, விலையைக் காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. எல்லாம் நல்லவைதான். ஆனால் சட்டத்துக்கு எட்டாத இடம் ஒன்று இருக்கிறது. மரியாதைக்காகப் பை கொடுக்கிற கடைக்காரக் காக்கா, "சேர்கிட்ட எப்படி அஞ்சு ரூபா கேக்குற?" என்று யோசித்தால் அந்த விதி அங்கேயே முடிந்தது.

வெளிநாடுகள் இரண்டைப் பாருங்கள். பங்களாதேஷ் 2002இலேயே மெல்லிய பொலித்தீன் பையைத் தடை செய்தது. அப்படிச் செய்த முதல் நாடு அதுதான். வெள்ளத்தில் வடிகான்களைப் பை அடைத்துப் பட்ட கஷ்டம் அவர்களுக்கு. ஆனால் பை சந்தைக்குத் திரும்பி வந்துவிட்டது, 2024இல் மறுபடியும் தடையை நடைமுறைப்படுத்த வேண்டி வந்தது. அதே 2002இல் அயர்லாந்து தடை செய்யவில்லை. ஒரு பைக்கு 15 சதம் வரி மட்டும் போட்டது. பாவனை நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குறைந்தது. 15 சதம் அவர்களுக்குப் பெரிய காசா? இல்லை. பணம் கொடுத்துப் பை வாங்கி வீதியால் நடப்பது அங்கே கூச்சமான காரியமாகிவிட்டது. வெட்கம் இடம் மாறியது, பை குறைந்தது.

நமது ஊரிலும் மாற வேண்டியது அதுதான் என்று நினைக்கிறோம். இந்த வெட்கம் மூத்தம்மாமாருடைய காலத்தில் இருந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

கடைக்காரக் காக்காமாருக்கு ஒரு சின்ன வேண்டுகோள். "பேக் வேணுமா?" என்று முதலில் கேட்காதீர்கள். சாமானைக் கையில் கொடுங்கள். வேண்டுமென்றால் அவரே கேட்கட்டும், விலையைச் சொல்லிக் கொடுங்கள். ஹாஜியாருக்கும் சின்னப் பிள்ளைக்கும் ஒரே விதி என்றால் எவருக்கும் மரியாதைக் குறைவில்லை.

வாங்குகிற நமக்கு, மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே ஒரு துணிப் பை. மீனுக்கு மூடி போட்ட ஒரு சின்ன வாளி. வெளியே தெரியாது, வடியாது, பைக்குக் காசும் இல்லை. துணி வேண்டுமென்றால் தூரம் போக வேண்டியதில்லை. மருதமுனைத் தறியில் நெய்கிற துணி நமது கரைக்கே பெயர் வாங்கித் தந்தது. கலியாண வீட்டில் பிளாஸ்டிக் பெட்டிக்குச் செலவழிக்கிற காசில் கொஞ்சத்தை எடுத்து, வருகிற குடும்பத்துக்கு ஒரு கைத்தறிப் பை கொடுத்தால், நெய்கிறவர் வீட்டிலும் அடுப்பு எரியும். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகிறவரை ஒருவரும் கஞ்சன் என்று சொல்ல மாட்டார்கள், "யார்ர கலியாணத்துப் பேக்?" என்றுதான் கேட்பார்கள்.

விருந்து கொடுப்பவர்களுக்கு, சஹன் இன்னும் ஊரில் இருக்கிறது. பள்ளிவாசல்களில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கழுவுவதற்கு நாலு பேருக்குக் கூலி கொடுத்தால் அந்தக் காசும் ஊருக்குள்தான் சுற்றும்.

"பையைச் சும்மா எறியிறல்ல சேர், அதுலதான் குப்பை கட்டுற" என்று சிலர் சொல்வார்கள். நியாயம்தான், இரண்டு முறை பாவிப்பது ஒரு முறையை விட நல்லது. ஆனால் சோற்றை அந்தப் பையில் கட்ட வேண்டாம். சோறும் மீன்தலையும் கோழிக்கோ, பூனைக்கோ, தென்னைக்குக் கீழே குழிக்கோ போகட்டும். உக்குவது வேறாக, உக்காதது வேறாக. பாதையில் கிடக்கிற முள்ளை எடுத்துப் போடுவது நன்மை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற சமூகம் நாம். வாயில்லா ஜீவனின் இரையில் முள்ளைக் கட்டி வைக்காமல் இருப்பதும் அதில் சேர்ந்ததுதான்.

இந்தக் கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டுக்குள் வருகிற ஒவ்வொரு பையையும் பிள்ளைகளைக் கொண்டு எண்ணச் சொல்லுங்கள். குசினிச் சுவரில் கோடு போட்டாலும் சரி. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அந்த எண்ணிக்கையைக் கீழே எழுதுங்கள். "வேணாம், பேக் இரிக்கு" என்று சொன்னபோது கடைக்காரர் என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள். கடை வைத்திருப்பவர்களும் உங்கள் பக்கத்துக் கஷ்டத்தைச் சொல்லுங்கள், அது தெரியாமல் இதைப் பேசி முடிக்க முடியாது.