உச்சவரம்பு யாருக்கு?

2021-ம் ஆண்டு பார்முலா ஒன் கார்ப் பந்தயத்தின் கடைசிப் போட்டி டிசம்பர் 12-ந் தேதி அபுதாபியில் நடந்தது. ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் ஆளுக்கு 369.5 புள்ளியுடன் களமிறங்கினர். ஹாமில்டன் முன்னணியில் இருந்தார். முடியும் தறுவாயில் வேறொரு கார் மோதி நின்றது. பாதுகாப்புக் கார் வந்தது. இருவருக்கும் இடையே இருந்த ஐந்து கார்களை மட்டும் விலகிப் போகச் சொன்னார் பந்தய அதிகாரி. புது டயர் மாட்டியிருந்த வெர்ஸ்டாப்பன் கடைசிச் சுற்றில் முந்திப் பட்டம் பெற்றார்.

இது நியாயமா? ரசிகர்கள் இன்றும் வழக்காடுகிறார்கள். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டுமென்பது நல்ல கோரிக்கைதான்.

ஆனால், அதே ஆண்டு அமுலுக்கு வந்த இன்னொரு விதியைப் பாருங்கள். அணியின் செலவுக்கு 2021-ல் அடிப்படை உச்சவரம்பு 14 கோடியே 50 லட்சம் டாலராக இருந்தது! காரைப் பூட்டும் மெக்கானிக்கின் கூலி அதில் அடங்கும். ஓட்டுநரின் சம்பளம் அடங்காது! அதிகச் சம்பளம் வாங்கும் மூன்று பெரிய தலைகளின் சம்பளமும் அடங்காது! செலவைக் குறைக்க வேண்டுமென்றால் கத்தி யார் கழுத்தில் விழும்?

வெர்ஸ்டாப்பனின் ரெட் புல் அணி வரம்பை மீறியது 2022-ல் அம்பலமாயிற்று. 70 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது, பட்டம் பறிபோகவில்லை.

நான்கு சக்கரங்களையும் மூன்று விநாடிக்குள் மாற்றுகிறவர்கள் ஏறத்தாழ இருபது தொழிலாளிகள். ஒரு கை பிசகினால் பந்தயமே போய்விடும். உழைப்பவன் கூலி செலவு, உச்சியில் இருப்பவன் சம்பளம் கணக்குக்கு வெளியே! இது என்ன நீதி?

ரசிகர்களே, இந்த விதியைப் பற்றியும் வழக்காடுங்கள்!